சேல்ஸ்மேன் பயிற்சி: வகுப்பறையா, லைனா?

மளிகைக்கடைக்காரரைக் கூடுதல் சரக்கு எடுக்க வைக்கும் அளவுக்கு ஒரு சேல்ஸ்மேனைத் தயார் செய்ய இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லாரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்து வகுப்பு எடுக்கலாம். அல்லது சூப்பர்வைசர் கூடவே லைனுக்கு, அதாவது சேல்ஸ்மேன் ஆர்டர் எடுக்கப் போகும் கடை வரிசைக்குப் போய்க் கடை கடையாகச் சொல்லிக்கொடுக்கலாம். நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவது வழி.

வகுப்பு தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. புதுச் சரக்கு அறிமுகம், ஸ்கீம் (கடைக்காரருக்குக் கம்பெனி தரும் சலுகை) கணக்கு, ஆர்டர் ஆப்பில் பில் போடுவது இதையெல்லாம் 30 பேருக்கு அரை நாளில் சொல்லி முடித்துவிடலாம், செலவும் குறைவு. ஆனால் விற்பனையைத் தீர்மானிக்கிற ஒரு பழக்கம் அங்கே வராது. வாயைத் திறப்பதற்கு முன் கடையில் இருக்கிற ஸ்டாக்கை எண்ணுகிற பழக்கம் அது.

வகுப்பில் நடித்துக் காட்டும்போது 'கடையில் ஷாம்பு பாக்கெட் 6 சரம் இருக்கிறது' என்று பயிற்சியாளரே எண்ணிக்கையைக் கொடுத்துவிடுகிறார். நிஜக் கடையில் அந்த ஆறு ஒரே இடத்தில் இருக்காது. ரெண்டு சரம் வாசலில் தொங்கும், ஒன்று கல்லாவுக்குப் பின்னால் பாதி கிழித்தபடி கிடக்கும், மிச்சம் பரண்மேல் அட்டைப்பெட்டியில். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்று எண்ணுவதைக் கடையில் நின்றால்தான் கற்க முடியும்.

எண்ணியதும் கணக்கு போட வேண்டும். போன விசிட்டில் இருந்த ஸ்டாக் 4 சரம், அன்று எடுத்தது 12, இன்று இருப்பது 6. அப்படியானால் வாரத்தில் விற்றது 10. அதை ஒன்றரையால் பெருக்கினால் 15. கையிருப்பு 6 போக, ஆர்டர் 9. அந்தக் கூடுதல் பாதி எதற்கென்றால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும், சேல்ஸ்மேன் ஒருநாள் பிந்தி வந்தால் தாங்குவதற்கும்.

"நாலு போதும்பா" என்று கடைக்காரர் சொன்னால் பதில் இப்படி இருக்க வேண்டும்: "அண்ணாச்சி, போன வாரம் பத்து ஓடியிருக்கு. இப்ப ஆறு இருக்கு, நாலு எடுத்தா சரியா பத்துதான். ரெண்டு சரம் கூட ஓடினா ஞாயித்துக்கிழமை வர்ற ஆளு அடுத்த கடைக்குப் போயிருவாரு. ஒன்பது எடுத்துக்கோங்க, அந்தப் பணம் ஒரு வாரத்துல கல்லாவுக்கு வந்துரும்." பேச்சு அவர் கடைக் கணக்கை ஒட்டியே இருக்கிறது. அதனால்தான் அவர் காது கொடுக்கிறார்.

எண்ணாமல் ஸ்கீமை மட்டும் காட்டி 30 சரம் இறக்குகிறவரும் அன்றைக்கு டார்கெட்டைத் தொட்டுவிடுவார். ஆனால் கடையில் 36 சரம், அதாவது மூன்றரை வாரத்துச் சரக்கு. அடுத்த இரண்டு விசிட்டில் ஆர்டர் இல்லை, நிலுவை வசூலும் இழுக்கும், வெயில் பட்ட சரம் வெளுத்து டேமேஜில் திரும்பும். விலை இறங்கினால் இன்னும் மோசம். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, டாய்லெட் சோப்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அந்த மாதிரி நேரத்தில் பழைய எம்ஆர்பி சரக்கு தேங்கிக் கிடக்கிற கடைக்காரர், அதைத் தலையில் கட்டியவரை லேசில் மறக்க மாட்டார்.

லைன் பயிற்சியும் கெட்டுப்போகும். பெரும்பாலும் சூப்பர்வைசரால்தான். கடைக்காரர் ஒரு மறுப்பு சொன்னதும் இவர் புகுந்து ஆர்டரை வாங்கிவிடுவார், பயிற்சிக்கு வந்த பையன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பான். இதைத் தவிர்க்க முதல் இரண்டு கடையில் சூப்பர்வைசர் செய்து காட்டட்டும். அடுத்த இரண்டில் பையன் எண்ணிக் கணக்குப் போட, பேச்சு இவருடையது. அதற்குப் பிறகு ஆர்டர் நழுவினாலும் இவர் வாய் திறக்கக் கூடாது. கடையை விட்டு நாலு எட்டு தள்ளி வந்தபின் ஒரே ஒரு திருத்தம் சொன்னால் போதும். ஐந்து சொன்னால் ஒன்றும் தங்காது. திருத்தத்தைக் கடைக்காரர் முன்னால் சொல்லவே கூடாது, அடுத்த வாரம் அதே கடைக்குத் தனியாக வர வேண்டியவன் அவன்.

நாளும் முக்கியம். மாதக் கடைசியில் பயிற்சி வைத்தால் டார்கெட் அவசரத்தில் சரக்குத் திணிப்பைத்தான் கற்பான். முதல் பத்து நாளுக்குள் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அவனுடைய ஸ்டாக் குறிப்பைப் பாருங்கள். எல்லாக் கடையிலும் 5, 10 என்று ரவுண்டாகவே இருந்தால், அவன் எண்ணவில்லை, வாசலில் நின்று உத்தேசமாக எழுதியிருக்கிறான். இன்னொரு நாள் கூடப் போக வேண்டும்.

பிரெட், பன் மாதிரி சில நாள் மட்டுமே தாங்கும் சரக்குக்கு இந்த ஒன்றரை மடங்குக் கணக்கு ஆகாது. விற்பனைச் சரித்திரமே இல்லாத புதுச் சரக்குக்கும் இது உதவாது, அங்கே குறைந்த அளவில் இறக்கி ஒரு வாரம் பார்ப்பதே சரி. மொத்த வியாபாரக் கடைகளுக்கு இதே முறையை அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே ஆர்டர் ரேட்டை வைத்து நகர்கிறது, ஸ்கீம் கணக்கில் கெட்டியான ஆள் வேண்டும். அந்த லைனுக்குப் போகிறவருக்கு வகுப்பே கூடுதலாகப் பயன்படலாம்.