"ஹெட் போயிடுச்சு" என்றால் உடனே தலையாட்ட வேண்டாம்: ஒரு 22,500 ரூபாய் பில்லின் கதை

கேஸ்கெட் கிட் 3,800. லேத்தில் ஹெட் ஃபேசிங் (இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது) 2,800. ஸ்பார்க் பிளக் நான்கு, 800. இன்ஜின் ஆயில் நாலரை லிட்டர், 2,250. ஆயில் ஃபில்டர் 150. கூலன்ட் 1,200. லேபர் 11,500. மொத்தம் 22,500 ரூபாய். வண்டி 2014 மாடல் மாருதி வேகன்ஆர் 1.0 பெட்ரோல். சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது என்று சென்னைப் புறநகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறார்கள். ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது என்று சொல்லிப் போட்ட பில் இது. மறுநாள் மதியமே வண்டி ரெடி. பத்து நாள் கழித்து மறுபடியும் டிராஃபிக்கில் அதே விளக்கு. வேறொரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தபோது கெட்டிருந்தது ரேடியேட்டர் ஃபேன் ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன சுவிட்ச். அதன் விலை சில நூறு ரூபாய்.

அந்தப் பில்லை மெக்கானிக் வேலை தெரிந்த யாரிடம் காட்டினாலும் முதலில் பிளக் வரியில்தான் கை வைப்பார்கள். இந்த வண்டியில் இருப்பது 998 சிசி கே10 இன்ஜின். மூன்று சிலிண்டர், மூன்றே பிளக். நான்காவதை எங்கே மாட்டினார்கள்? ஆயிலும் அப்படித்தான். ஃபில்டரோடு மாற்றினாலும் இந்த இன்ஜின் குடிப்பது ஏறக்குறைய மூன்று லிட்டர். நாலரை லிட்டர் ஊற்றினால் டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். கடைசியாக, கேட்டதற்காக ஒரு கவரில் போட்டுக் கொடுத்த பழைய ஹெட் கேஸ்கெட். அதில் சிலிண்டருக்கான பெரிய துளைகள் நான்கு! வேறு ஏதோ வண்டியில் கழற்றியதை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். வாங்கியவரும் கவரைப் பிரித்துப் பார்க்காமல் டிக்கியில் போட்டுவிட்டார்.

ஓனரை நம்பவைத்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பல இடங்களில் நடக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த பாலாடை மாதிரியான பழுப்புப் பசையை விரலில் வழித்துக் காட்டி, "பாருங்க சார், ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு, ஹெட் கேஸ்கெட் அடிச்சிடுச்சு" என்றிருக்கிறார்கள். பார்ப்பவருக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், அதுவும் மழைக்காலத்தில், இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் உள்ளே தங்கும் ஈரம் மூடியில் இப்படிப் படியும். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலும் ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால்தான் கவலை. இந்த வண்டியில் டிப் ஸ்டிக் ஆயில் சுத்தமாக இருந்தது என்று ஓனரே பிறகு சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் அதை யாரும் உருவிக் காட்டவில்லை.

சூடாகிறது என்பதைவிட எப்போது சூடாகிறது என்பதுதான் முக்கியம். நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் சூடாகி, பைபாஸில் ஓடும்போது தானாக இறங்கினால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும், ஃபேன் தேவைப்படாது. கூடவே சிக்னலில் ஏசி வெறும் காற்றாக வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும் அதே இடத்தில், காற்றுக்காகக் காத்திருக்கும் பொருள். மாறாக, ஹைவேயில் வேகம் பிடித்தால்தான் சூடேறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வு) சரியாகத் திறக்காதது, வாட்டர் பம்ப் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாமல் கூலன்ட் வாரா வாரம் குறைகிறதா? அப்போதுதான் ஹெட் கேஸ்கெட் பேச்சே வர வேண்டும்.

ஃபேனைச் சோதிக்க ஒர்க்‌ஷாப்பே வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியை முழுக் குளிரில் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஓரிரு நிமிடத்துக்குள் முன்பக்க ஃபேன் ஓடத் தொடங்கும். ஓடவில்லையென்றால் பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் ஃபேன் ஃபியூஸ் எது, ரிலே எது என்று படம் போட்டிருக்கும். ஃபியூஸ் நன்றாக இருந்தால், அதே நம்பர் கொண்ட வேறொரு ரிலேயை (பெரும்பாலும் ஹாரனுக்கு இருப்பது பொருந்தும்) மாற்றிச் செருகிப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் குற்றவாளி சிக்கிவிட்டான். அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டார் கனெக்டரில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்க எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிடம் போதும். 12 வோல்ட் வந்தும் மோட்டார் நின்றால் பெரும்பாலும் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். 12 வோல்ட்டே வரவில்லையென்றால் வயரிங் அல்லது டெம்பரேச்சர் சென்சார். இன்ஜினை நிறுத்திய பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றக்கூடும், அதனால் கையை உள்ளே விடாதீர்கள்.

ஹெட் கேஸ்கெட் உண்மையிலேயே போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் கழற்றுவதற்கு முன்பே அதை நிரூபிக்க முடியும். ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவம் உள்ள குழாயை வைத்து ஆவியை உறிஞ்சுவார்கள். சிலிண்டர் புகை கூலன்ட்டுக்குள் கசிந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும். அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று அளப்பது. சிலிண்டர்களுக்கு இடையே 14 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது, அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது, ரேடியேட்டர் மூடி மேல் எழுதியிருக்கும் பிரஷருக்கு (0.9 அல்லது 1.1 என்று இருக்கும்) பம்ப் அடித்து முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. இந்த மூன்றில் ஒன்றுகூடச் செய்யாமல் "ஹெட்டை இறக்கணும்" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது, வேலை செய்தார்களா என்றே சந்தேகம் என்பவர்களுக்கு: கே10 டைமிங் செயின் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டைச் சுற்றவைக்கும் செயின்) உள்ள இன்ஜின். ஹெட்டை இறக்க முன்பக்க செயின் கவரைக் கழற்றியாக வேண்டும், திரும்ப மாட்டும்போது ஓரம் முழுக்கப் புது சீலன்ட் போட வேண்டும். அந்தப் பசை விளிம்பில் பிதுங்கித் தெரியும். எக்ஸாஸ்ட் பக்கத்து நட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பேனர் பட்ட நட்டின் முனைகளில் துரு உடைந்து பளபளப்பு தெரியும். இந்த வேகன்ஆரில் நட்டுகள் மேல் பழைய துரு ஒரே சீராக இருந்தது, செயின் கவர் ஓரத்தில் ஆயில் கலந்த புழுதி அப்படியே படிந்திருந்தது. மூடியைத் துடைத்ததைத் தவிர அந்த இன்ஜினில் யாரும் கை வைத்ததாகத் தெரியவில்லை. மறுநாள் மதியமே வண்டி தயாரானதிலேயே ஓனருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, திரும்ப வாங்கிக் கோக்க இரண்டு மூன்று நாளாவது ஆகும்.

(செயின் என்றதும் நினைவுக்கு வருகிறது: இதே வண்டிக்காரர்களிடம் "டைமிங் பெல்ட் மாத்தணும்" என்று எஸ்டிமேட் போடும் கடைகளும் உண்டு. பெல்ட்டே கிடையாது.)

வேலைக்குச் சம்மதிக்கும் முன் ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது தரும் வேலைச் சீட்டு) எழுதி வாங்க வேண்டியவை அதிகமில்லை. என்ன டெஸ்ட் செய்தார்கள், அளவு என்ன வந்தது. ஹெட்டை இறக்கியதும் கூப்பிட வேண்டும், நேராக விளிம்புள்ள ஸ்டீல் பட்டையை வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டுக் காட்ட வேண்டும். கம்பெனி சொல்லும் அளவுக்கு மேல் வளையாத ஹெட்டுக்கு ஃபேசிங் எதற்கு? லேத்துக்குப் போனால் லேத் பில் தனியாக வேண்டும். புது பார்ட் பெட்டியில் உள்ள பார்ட் நம்பரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சுசுகி பார்ட் நம்பர் வரிசையில் ஹெட் கேஸ்கெட் 11141 என்றுதான் தொடங்கும். பழைய பார்ட்டை வாங்கி, அங்கேயே பிரித்து, துளையை எண்ணுங்கள்.

இன்னொரு கொடுமை, 1,200 ரூபாய்க்குக் கூலன்ட் என்று எழுதிவிட்டு ரேடியேட்டரில் இருந்தது ஏறக்குறைய வெறும் போர் தண்ணீர். உப்புத் தண்ணீர் அலுமினிய ஹெட்டை அரிக்கும், ரேடியேட்டர் குழாயில் படிவு கட்டும். ஃபேன் ஓடாமல் பத்து நாள் ஓடியதில் உண்மையாகவே ஹெட் வளைந்திருக்கலாம். நல்லவேளையாக பிரஷர் டெஸ்டில் முள் நின்றது. ரிலே மாற்றி, தண்ணீரை இறக்கி, சரியான கூலன்ட் ஊற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது.

கேஸ்கெட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது "பையன் கவர் மாத்திக் குடுத்துட்டான் சார்" என்றார்கள். லேத் பில் கேட்டதற்குப் பதில் இல்லை. ஸ்பேர் காசில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லேபரில் பைசா தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இப்படி மாட்டியவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஒரிஜினல் பில், ஜாப் கார்டு, நட்டுகளின் போட்டோ, இரண்டாவது மெக்கானிக் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்த அறிக்கை, அந்த நான்கு துளை கேஸ்கெட் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். எதையும் ஒர்க்‌ஷாப்பில் திருப்பிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.