18,500 ரூபாய்க்கு அழுகின செடி: "ஃபுல் செட்டப்" பிளாண்டட் டேங்க் ஆட்களிடம் உஷார்

வீட்டில் முதல் முறையாக பிளாண்டட் டேங்க், அதாவது உள்ளே நிஜ நீர்ச்செடி வளரும் மீன்தொட்டி, வைக்கப் போகிறீர்களா? "நீங்க எதுவுமே வாங்க வேணாம், நாங்களே வந்து ஃபுல் செட்டப் பண்ணித் தர்றோம்" என்று யாராவது சொன்னால், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போனது 18,500 ரூபாய். சித்தப்பாவின் பென்ஷன் காசு. நேற்று சாயங்காலம் செட்டப் போட்ட ஆள் அவர் நம்பரை பிளாக் செய்துவிட்டான். அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன். கடைசியில் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் போடுகிறேன்.

கடைப் பெயரை எழுதப் போவதில்லை. சென்னையில் சின்னதாக ஒரு மீன் கடை, அதை வைத்துக்கொண்டு ஃபோனில் பளபளவென்று குட்டி வீடியோ போட்டு ஆள் பிடிக்கிற ரகம். கொளத்தூர் பக்கம் தலைமுறையாக வண்ணமீன் வளர்த்து விற்கிறவர்கள் எத்தனையோ பேர் ஒழுங்காகத் தொழில் செய்கிறார்கள். இந்த மாதிரி ஆட்களால் அவர்களுக்கும் கெட்ட பேர்.

எஸ்டிமேட் என்று ஒரு துண்டுச் சீட்டு. டேங்கும் ஸ்டாண்டும் 6,000, இறக்குமதி அக்வா சாயில் 2,700, செடிக்கு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) கொடுக்கிற சிலிண்டர் செட் 2,500, இறக்குமதிச் செடிகள் 2,400, லைட் 1,800, ஃபில்டரும் ஹீட்டரும் 1,500, கார்பெட் விதை 600, மீன் 500, கூலி 500. கூட்டினால் 18,500. ஜிஎஸ்டி பில் இல்லை, கடை முத்திரைகூட இல்லை. பணம் போனது தனிநபர் யுபிஐ எண்ணுக்கு.

ஒவ்வொன்றாக வருகிறேன்.

"நூறு லிட்டர் டேங்க்" என்றான். 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். சென்டிமீட்டரில் 60 × 30 × 38, ஆயிரத்தால் வகுத்தால் 68 லிட்டர். மண், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போகத் தண்ணீர் 55 லிட்டர் நிற்கும். இது வெறும் அளவுப் பொய் இல்லை. மருந்தையும் உரத்தையும் நூறு லிட்டருக்கு என்று ஊற்றினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு டோஸ் போய்விடும். டேங்குக்கு அடியில் ஃபோம் ஷீட்டும் போடவில்லை. ஸ்டாண்டின் ஒரு மூலை தாழ்ந்திருக்கிறது. தண்ணீர் மட்டத்தைப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரிகிறது. கண்ணாடி இத்தனை நாள் தாங்கியது அதிர்ஷ்டம்.

அக்வா சாயில் என்பது சுட்ட களிமண் உருண்டை. ஒரே அளவில் இருக்கும், விரலால் நசுக்கினால் பொடியும். 60 × 30 அடித்தளத்தில் 5 சென்டிமீட்டர் போட 9 லிட்டர் வேண்டும், சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறான். உள்ளே இருந்தது செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்த்தூள். மேலே அரை அங்குலத்துக்குக் கறுப்பு மணல் தூவி மூடியிருந்தான். மண் போட்டுச் செய்வது தப்பான முறை என்று நான் சொல்லவில்லை. சலித்த மண் ஒரு அங்குலம், அதன்மேல் 2-3 மில்லிமீட்டர் மணலோ சரளையோ ஒன்றரை அங்குலம் என்று மூடினால் அருமையாக வரும், செலவும் சில நூறுதான். அதைச் செய்துவிட்டு அக்வா சாயில் விலை வாங்குவதுதான் திருட்டு. அதையும் அரைகுறையாகச் செய்தால்? நார்த்தூள் மேலே மிதந்து வருகிறது, தண்ணீர் டீ டிகாஷன் நிறம், மண்ணைக் குச்சியால் கிளறினால் அழுகின முட்டை நாற்றத்தோடு குமிழி. உரத்திலிருந்து அம்மோனியா நேராகத் தண்ணீரில் இறங்குகிறது.

செடிகள். இதுதான் பெரிய கூத்து. "இறக்குமதி நீர்ச்செடி" என்று வைத்ததில் லக்கி பேம்பூ இருந்தது, சிங்கோனியம் இருந்தது, ஊதா இலை ஹெமிகிராஃபிஸ் இருந்தது, மாண்டோ புல் இருந்தது. நர்சரியில் பூந்தொட்டிக்கு வாங்குகிற செடிகள்! லக்கி பேம்பூவும் சிங்கோனியமும் வேர் மட்டும் நனைந்து இலை வெளியே இருந்தால் வருஷக்கணக்கில் இருக்கும். இலையோடு முக்கினால் சில வாரம் பச்சையாக நடித்துவிட்டு அடியிலிருந்து கூழாகும். மிச்சமிருந்த ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் நிஜ நீர்ச்செடிகள். அவற்றின் கிழங்குத் தண்டு மண்ணுக்கு வெளியே இருக்க வேண்டும், கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்ட வேண்டும். அவன் தண்டோடு சேர்த்துப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதுவும் அழுகியது.

கார்பெட் விதைக்குத் தனிப் பத்தியே வேண்டும். ஹேர்கிராஸ், மான்டி கார்லோ போன்ற தரைவிரிப்புச் செடிகள் கொத்தாகவோ திசு வளர்ப்புக் கப்பிலோதான் வரும். பொட்டலத்தில் விதையாக விற்பவை பெரும்பாலும் தரையில் வளரும் ஏதோ ஒரு பூண்டு. சில நாளில் முளைத்துப் பச்சைக் கம்பளம் போலத் தெரியும், போட்டோவுக்கு அருமையாக இருக்கும், வீடியோவில் காட்டுவதும் அந்த நிலையைத்தான். பிறகு வேர் விட்டுக் கொத்துக் கொத்தாகப் பிரிந்து மேலே வந்து, ஃபில்டரை அடைத்து, மொத்தமாக நாறும்.

சித்தப்பா அவனை முழுசாக நம்பியது எப்போது தெரியுமா? தொட்டியில் தண்ணீர் நிரப்பியதும் கண்ணாடியில் ஒரு டிராப் செக்கரை (தண்ணீரில் சிஓ2 எவ்வளவு என்று நிறத்தால் காட்டுகிற குட்டிக் குப்பி) ஒட்டினான். உள்ளே பச்சைத் தண்ணீர். "பாருங்க அங்கிள், பச்சை. சிஓ2 செட்டாயிடுச்சு. இனிமே செடி தானா வளரும். நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம், நான் இருக்கேன்." மீதிப் பணத்தை அந்த நிமிஷமே அனுப்பிவிட்டார். அறிவியலாகக் கண்முன்னால் காட்டுகிறானே, யாருக்குச் சந்தேகம் வரும்? டிராப் செக்கரில் ஊற்ற வேண்டியது 4 டிகேஹெச் (கார்பனேட் கடினத்தன்மையின் அளவு) கரைசல், அதில் புரோமோதைமால் புளூ என்கிற நிறம் மாறும் சாயம் சில சொட்டு. ஆரம்பத்தில் அது நீலமாக இருக்கும். தொட்டியில் சிஓ2 ஏறி 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) பக்கம் வந்தால் பச்சையாகும், அதற்கே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். மஞ்சளானால் சிஓ2 அதிகம், மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். ஒட்டிய உடனே பச்சையா? கழற்றி ஒரு ராத்திரி வெளியே வைத்தேன். நிஜக் கரைசல் என்றால் காலையில் நீலத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். அசையவில்லை. வெறும் பச்சைச் சாயம்.

"சிலிண்டர் செட்" என்றது இரண்டு குளிர்பான பாட்டில், ஒரு மூடி, ட்யூப். ஒரு பாட்டிலில் 200 கிராம் சிட்ரிக் ஆசிட், இன்னொன்றில் 200 கிராம் சமையல் சோடா போட்டுத் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற முறை. அதுவும் வேலை செய்யும், ஆனால் அதற்கு 2,500 கிடையாது. அந்த மூடியில் கசிவு வேறு, சோப்பு நுரை தடவினால் குமிழி கிளம்புகிறது. முதல் தொட்டிக்கு ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா என்று போயிருந்தால் சிஓ2 தேவையே இல்லை.

லைட்டில் 40 வாட் என்று ஸ்டிக்கர். பிளக்கில் வாட் மீட்டர் போட்டுப் பார்த்தால் 11. ஹீட்டர் வேறு கொடுத்திருக்கிறான், சென்னைக்கு! ஹாலில் தண்ணீர் சும்மாவே 30 டிகிரியில் நிற்கிறது. அலங்காரத்துக்குப் போட்ட வெள்ளைக் கல்லில் வினிகர் விட்டேன், புஸ்ஸென்று பொங்கியது. மார்பிள். போர் தண்ணீர் ஏற்கெனவே டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 900, அதில் சுண்ணாம்புக் கல்லையும் போட்டால் கடினத்தன்மையும் பிஹெச்சும் இன்னும் ஏறும்.

இந்தத் தண்ணீரில், அதே நாளில், மென்மையான தண்ணீரும் 26 டிகிரிக்குள் குளிர்ச்சியும் கேட்கிற நியான் டெட்ராவை விட்டிருக்கிறான். கூடவே செடியைப் பிடுங்கித் தின்கிற கோல்ட்ஃபிஷ் ஒரு ஜோடி, "கிளீனிங்குக்கு" ஒரு சக்கர் ஃபிஷ். அந்த சக்கர் ஒரு அடிக்கு மேல் வளரும், இரண்டடித் தொட்டியில்! புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், இதைத்தான் "சைக்கிள்" என்பார்கள். அவன் ஊற்றிய "பாக்டீரியா லிக்விட்" பாட்டிலில் தயாரிப்புத் தேதியும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. நான் போய் டெஸ்ட் கிட்டில் பார்த்தபோது அம்மோனியா 4 பிபிஎம், பிஹெச் 8.2. பிஹெச்சும் சூடும் ஏற ஏற அம்மோனியாவின் விஷம் கூடும். நியான் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இனி அவன் சொன்ன பதில்கள். வாட்ஸ்அப்பில் எல்லாம் இருக்கிறது.

செடி கரைகிறதே என்று சித்தப்பா கேட்டதற்கு, "மெல்ட்டிங் அங்கிள், நார்மல்தான்." இதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் எரிச்சல். நிஜ நீர்ச்செடியிலும் பல பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை. உள்ளே போனதும் பழைய இலை கரையும், குருத்திலிருந்து புது இலை வரும். கிரிப்டோகோரைன் மொத்தமாகக் கரைந்து வேரிலிருந்து திரும்பக் கிளம்பும். சிங்கோனியம் எங்கிருந்து கிளம்பும்?

மீன் சாகிறதே என்றதற்கு, "தண்ணிய மாத்தாதீங்க, சைக்கிள் கெட்டுடும்." அம்மோனியா 4-இல் நிற்கும்போது இதைவிட மோசமான யோசனை கிடையாது. தினமும் பாதித் தண்ணீரை மாற்றியிருந்தால் சில மீனாவது பிழைத்திருக்கும். பாக்டீரியா குடியிருப்பது ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மண்ணிலும்தான், தண்ணீரில் மிகக் கொஞ்சம்.

அடுத்து, "உங்க ஏரியா வாட்டரே சரியில்ல அங்கிள்." தண்ணீர் டெஸ்ட் பண்ணாமல் நியான் விட்டது யார்? அடுத்து, "உயிருள்ள பொருளுக்கு வாரன்டி கிடையாது." சரி, லைட்டுக்கு உயிர் இருக்கிறதா? "ஓனர் ஊருக்குப் போயிருக்கார்." பணம் வாங்கும்போது இவனேதான் ஓனர். கடைசியாக, 3,500 கொடுத்தால் "ரெஸ்க்யூ பேக்கேஜ்" போட்டுச் சரி பண்ணித் தருகிறானாம். 18,500 தின்றது பத்தவில்லை. நான் ஃபோனை வாங்கி டிராப் செக்கர் விஷயத்தைக் கேட்டேன். "நீங்க யாருங்க நடுவுல, நான் அங்கிள்கிட்ட பேசிக்கிறேன்" என்று வைத்தான். அதோடு பிளாக்.

பட்டியல் போடுகிறேன் என்றேன். இருக்கிற கோபத்தில் பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான்.

டேங்க், மண், லைட், ஃபில்டர் எல்லாவற்றையும் தனித்தனியாக, பெயரும் மாடலும் எழுதின பில்லோடு வாங்குங்கள். சாயில் பை சீல் உடையாமல் உங்கள் முன்னால் பிரிக்கப்பட வேண்டும்.

செடியின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லாமல் "இம்போர்ட்டட்" என்றால் நகர்ந்துவிடுங்கள். விதைப் பொட்டலம் யார் கொடுத்தாலும் வேண்டாம்.

செட்டப் செய்த அன்றே மீன் விடச் சம்மதிக்காதீர்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் மீன். மெட்ரோ தண்ணீர் என்றால் ஆன்டி-குளோரின் விடாமல் ஊற்றாதீர்கள். லைட் 6 மணி நேரத்தில் ஆரம்பியுங்கள், அதற்கு மேல் போனால் பாசிதான் வளரும்.

வேண்டாத சக்கர் ஃபிஷ்ஷை ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள், அது அங்கே பெருகிவிடும்.

பணம் போனவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டு, யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வாட் மீட்டர் போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். பச்சைச் சாயம் அடைத்த அந்த டிராப் செக்கரையும் கழுவாமல் அப்படியே வைத்திருக்கிறேன். 18,500-ஐயும் கேட்டு நாளைக்குக் காலையில் 1915-க்குப் பேசப் போகிறோம். இதே மாதிரி "அங்கிள், நான் இருக்கேன்" ஆளிடம் வேறு யாராவது மாட்டியிருந்தால் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், சேர்த்தே கொடுத்துவிடலாம்.