மழைக்காலத்தில் புதுச்சேரியில் வாடகை பைக் எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தீபாவளி முடிந்து கிறிஸ்துமஸ் கூட்டம் வருவதற்குள் இருக்கும் அந்த இடைவெளியில் புதுச்சேரியில் வாடகை பைக் மலிவாகக் கிடைக்கிறது. எனக்குச் சொன்ன விலை சீசன் விலையில் பாதி. அந்த விலையைப் பார்த்து, வண்டியை எடுத்துக்கொண்டு கடலோரமாகத் தெற்கே இறங்கலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடமிருந்து 10,000 ரூபாய் டெபாசிட் போனது. ஆண்டுக்கணக்காக ஆசைப்பட்ட பயணமும் பாதியில் நின்றது. பணத்தைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் போக நினைத்த வழி இதுதான். கடலூர் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை இருந்த இடம், 1781இல் ஹைதர் அலியின் படையும் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட்டின் படையும் மோதிய பரங்கிப்பேட்டை, காவிரி கடலில் சேரும் பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, 1930இல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய வேதாரண்யம், கடைசியாகக் கோடியக்கரை. இங்கிலீஷ்காரர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், டேனிஷ்காரர் என்று எல்லோரும் வந்து இறங்கிய கரை இது. கூட்டம் இல்லாத ஐப்பசி, கார்த்திகையில் ஈர மண்ணும் கலங்கிய கடலுமாக இதைப் பார்க்க வேண்டும், அதுவும் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். மழைக்குத் தேவையான எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

நான் முன்பதிவு செய்தது கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து போட்ட ஒரு 350 சிசி வண்டி. படத்தில் அதுதான் இருந்தது. காலையில் கடைக்குப் போனால், "அது சர்வீசுக்குப் போயிருக்கு ப்ரோ, இது அதைவிட நல்ல வண்டி" என்று வெள்ளை பிளேட் போட்ட வேறொன்றை நிறுத்தினார்கள். கேட்டதற்கு, "பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்கு, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றார்கள். முன்பதிவு செய்த வண்டிதான் வேண்டும் என்றால் நான்கு நாள் ஆகும், கட்டிய முன்பணமும் திரும்பாது. அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது என்று காட்டியும் ஒப்புக்கொள்ளாமல், ஒரிஜினல் அட்டையை வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார்கள். நானும் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொண்டேன். இப்போது என் பக்கம் நிற்கும் சாட்சிகளில் அதுவும் ஒன்று.

பிளேட் நிறம் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். நாமே ஓட்டுவதற்கு வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து என்றால் அது யாரோ ஒருவரின் சொந்த உபயோக வண்டி. சொந்த வண்டிக்கான பாலிசியில் வாடகைக்கு விடுவது சேராது. வழியில் யார் மீதாவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய அது ஒன்றே போதும். எனக்குக் கொடுத்த வண்டிக்கு அந்தப் பாலிசியும் இல்லை. சீர்காழி தாண்டி நடந்த வண்டிச் சோதனையில் நம்பரைப் போட்டுப் பார்த்த காவலர், இன்சூரன்ஸ் ஆடி மாதமே முடிந்துவிட்டது என்று திரையைக் காட்டினார். பெட்டிக்குள் கடைக்காரர்கள் வைத்திருந்த நகலில் தேதி இருந்த இடம் மட்டும் மங்கலாக இருந்தது. அபராதம் 2,000 ரூபாய். அந்தக் காவலர் மரியாதையாகத்தான் பேசினார். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். கடையிலேயே, பணம் கொடுக்கும் முன், அவர்கள் எதிரிலேயே அதைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் வண்டி. புறப்பட்டதிலிருந்தே இழுவை இல்லை. கொள்ளிடம் பாலத்தில் எதிர்க்காற்று என்று நினைத்தேன். பூம்புகாரில் மழை விட்டு, நல்ல வெயிலில் நின்ற வண்டி கிளம்ப அடம்பிடித்தது. தரங்கம்பாடிக்குச் சற்று முன்னால் சுத்தமாக நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய், பொறையாரில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். அவர் ஆயிலை இறக்கினார். பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்தால்தான் அப்படி வரும். கிளட்ச் பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே துரு அடையடையாக இருந்தது.

"தம்பி, இது நேத்து முந்தாநாள் பிடிச்ச துரு இல்ல. எங்கயோ வெள்ளத்துல முங்கிக் கிடந்த வண்டி. வெளிய மட்டும் பாலிஷ் போட்டு நிறுத்தியிருக்காங்க" என்றார். சொன்னதோடு நிற்காமல், ஒவ்வொரு பாகத்தையும் என் போனில் படம் எடுக்க வைத்தார். பில்லில் 'பழைய துரு, ஆயிலில் தண்ணீர்' என்று கைப்பட எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார். இரண்டு முறை ஆயில் மாற்றியதற்கும் ஃபில்டருக்கும் கூலிக்கும் சேர்த்து 2,800 ரூபாய். கோடியக்கரை வரை இதை ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், நாற்பதுக்கு மேல் போகாமல் நேராகப் புதுச்சேரிக்குத் திரும்பிவிடுங்கள் என்றார்.

அவர் வேலை முடிக்கும் வரை தரங்கம்பாடியில் இருந்தேன். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய கரை, பாண்டியர் காலத்தில் எழுந்து கடல் பெரும்பகுதியைத் தின்றுவிட்ட மாசிலாமணி நாதர் கோயில். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி வந்த ஊர். கோட்டை மதிலோரம் என்னைத் தவிர ஆள் இல்லை. இந்த ஊரை இப்படித்தான் பார்க்க ஆசைப்பட்டேன், ஆனால் மனம் முழுக்க வண்டியிலேயே கிடந்தது. காரைக்கால் அங்கிருந்து கூப்பிடு தூரம். வேதாரண்யமும் கோடியக்கரையும் இன்னும் தெற்கே. எதையும் பார்க்காமல் திரும்பினேன்.

இனிதான் முக்கியமான இடம். வண்டியை ஒப்படைத்ததும் இரண்டு நிமிடம்கூடப் பார்க்காமல், "மழைல ஓட்டி இன்ஜினுக்குள்ள தண்ணி இறக்கிட்டீங்க" என்றார்கள். டிராயரிலிருந்து ஒரு எஸ்டிமேட் தாளை எடுத்தார்கள். 16,500 ரூபாய். பாகங்களின் பட்டியல், தொகை எல்லாம் ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. என் பெயரையும் தேதியையும் மட்டும் என் கண் முன்னால் பேனாவால் எழுதினார்கள். டெபாசிட் போக மீதி 6,500 கொடுத்தால்தான் லைசென்ஸ் என்றார்கள். ஒப்பந்தத்தில் மழை, வெள்ளச் சேதத்துக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்று ஒரு வரி இருப்பதாகவும் காட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்ட பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. அது தனியாகச் சேர்த்த தாள்.

கெட்டுப்போன ஒரு வண்டியைச் சரிசெய்யாமலே வைத்திருந்து, மழை நாளில் எடுக்கிறவர்கள் ஒவ்வொருவரிடமும் அதே சேதத்துக்குப் பணம் வாங்குகிறார்கள் என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மழையில் ஓட்டியது உண்மை என்பதால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்ற தைரியம் அவர்களுக்கு. சாலையில் பெய்கிற மழையில் ஓட்டுவதால் மட்டும் நல்ல வண்டியின் இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கிவிடாது. இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

காவல் நிலையத்துக்குப் போய், மெக்கானிக்கின் பில், படங்கள், அபராத ரசீது எல்லாவற்றையும் வைத்த பிறகு லைசென்ஸ் அன்றைக்கே கைக்கு வந்தது. 6,500 பேச்சையும் விட்டுவிட்டார்கள். டெபாசிட்டை மட்டும் கொடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். டெபாசிட், அபராதம், பழுது செலவு மூன்றையும் சேர்த்து 14,800 ரூபாய் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். டைப் அடித்த அந்த எஸ்டிமேட்டின் படமும் அதோடு போகிறது.