50,000 கையெழுத்துக்கு ஒரு தளம்: நேட்டோ மனு ஓடியதைப் பார்த்தவனின் விமர்சனம் (5-க்கு 3.5)

போன மாதம்தான் பின்லாந்தின் குடிமக்கள் மனு தளத்தில் முதல்முறையாகக் கையெழுத்துப் போட்டேன். குடியுரிமை இருந்தால்தான் போட முடியும், எத்தனை வருஷம் வரி கட்டியிருந்தாலும் செல்லாது, அதனால் இவ்வளவு நாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. ஆனால் அந்த வேடிக்கையிலேயே பெரியது 2022-இல் நேட்டோ ராணுவக் கூட்டணியில் நாடு சேர்வதற்காக நடந்தது, விமர்சனம் முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

தளத்தின் பெயர் கன்சலைஸ்அலோய்தே. நீதி அமைச்சகம் 2012-இல் தொடங்கியது. இந்தச் சட்டம் வேண்டும் என்று யாராவது எழுதிப் போடுவார்கள், ஆறு மாதத்துக்குள் 18 வயது நிரம்பிய 50,000 குடிமக்கள் ஆதரித்தால் மனு நாடாளுமன்றத்துக்குப் போகும். அங்கே அதை எடுத்துப் பேசியே ஆக வேண்டும், ஆனால் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒரே பாலினத் திருமண மனு 2013-இல் வந்தபோது முதல் நாளே ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2014-இல் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் 105-க்கு 92 என்று தப்பிப் பிழைத்து, சட்டமாக அமலுக்கு வந்தது 2017 மார்ச்சில். நாலு வருஷக் கதை, நடுவில் நாடு முழுக்க விவாதம்.

கையெழுத்துப் போடுவது எப்படி என்றால், பேங்க் லாகின் வைத்து நீங்கள்தான் என்று நிரூபிக்க வேண்டும். என் பேங்க் செயலி சரியாக அந்த நேரம் பார்த்து அப்டேட் கேட்டு, அப்புறம் பாஸ்வேர்டு மறந்து, அதில் ஒரு மாலை போனது. அது பேங்க்கின் கோளாறு, தளத்தின் மேல் பழி போட முடியாது. உள்ளே போன பிறகு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. போலிக் கையெழுத்துக்கு இடமில்லை என்பதால்தான் எம்.பி.க்கள் இந்த எண்ணிக்கையை மதிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது 2022 பிப்ரவரி. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த வாரம். ஆபீஸ் காபி அறையில் யாரும் பேசவில்லை (இங்கே அது வழக்கம்தான், ஆனால் அன்றைய மௌனம் வேறு மாதிரி). எதிரே இருந்தவர், ஐம்பது வயது தாண்டியவர், ஒரு கையில் கோப்பை, மறு கையில் போன். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றில் இல்லை, இரண்டு மனுவில்: நேட்டோவில் சேர வேண்டும் என்பது ஒன்று, சேர்வது பற்றிப் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்பது இன்னொன்று. சேர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவருக்கு வாக்கெடுப்பு எதற்கு என்று கேட்டேன். "என் முடிவு அது. ஆனா என்னைக் கேட்டுட்டுச் செய்யட்டும்" என்றார். ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை உள்ள நாட்டுக்காரர் பேச்சு.

இரண்டு மனுவும் 50,000-ஐத் தாண்டின, அதற்கு ஆறு மாதமெல்லாம் தேவைப்படவில்லை. பொது ஒலிபரப்பு நிறுவனமான யூலேயின் கருத்துக்கணிப்பில் ஆதரவு பிப்ரவரியில் 53 சதவீதம், மே மாதம் 76. மே 17 அன்று விண்ணப்பிக்கலாம் என்று நாடாளுமன்றம் 188-க்கு 8 என்று முடிவெடுத்தது, 2023 ஏப்ரல் 4 அன்று பின்லாந்து நேட்டோவின் 31-வது உறுப்பு நாடு. பொதுவாக்கெடுப்பு நடக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர 1994-இல் மக்களைக் கேட்டார்கள், நேட்டோவுக்கு ஹங்கேரி 1997-இல் கேட்டது, ஸ்பெயின் 1982-இல் சேர்ந்துவிட்டு 1986-இலாவது கேட்டது. காபி அறைக்காரரின் ஒரு கையெழுத்து பலித்தது, ஒன்று வீண். பலித்ததும் மனுவாலா, கருத்துக்கணிப்பாலா, போராலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மனு இல்லாவிட்டாலும் விண்ணப்பம் போயிருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் கட்சிகள் தயங்கிய அந்த முதல் நாட்களில் எண்ணிக்கை கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது சின்ன விஷயமில்லை.

ஒன்றரை ஸ்டார் எங்கே குறைந்தது என்றால், தளத்தில் எதிர்ப்பவருக்குப் பொத்தானே இல்லை. சதன்கொமிதேயா என்ற அமைதி அமைப்பு 1963 முதல் இருக்கிறது, நேட்டோ பற்றிப் பேசிவரும் அட்லாண்டி சேவுரா 1999 முதல். இப்படிப்பட்ட அமைப்புகள் கூட்டம் போட்டு, கட்டுரை எழுதி, பள்ளிக்கூடம் வரை போய் வருஷக்கணக்கில் வாதாடிய விஷயம் அந்த வாரத்தில் ஒரே பொத்தானுக்குள் அடங்கிவிட்டது. சேர வேண்டாம் என்பவர் தனியாக ஒரு மனு எழுதி, அமைச்சகம் சரிபார்த்து வெளியிடும்வரை காத்திருந்து, அதற்கும் ஐம்பதாயிரம் பேரைத் தேட வேண்டும். ஆறு மாத அவகாசம் வாதாடுவதற்கு என்றால், சில நாளில் முடிந்த மனுவில் யார் வாதாடினார்கள்? பயந்த வாரத்தில் வந்த கையெழுத்துக்கும் யோசித்து வந்ததற்கும் தளத்தில் ஒரே எடைதான்.

இன்னொன்று, மனுவை ஃபின்னிஷிலோ ஸ்வீடிஷிலோதான் எழுத வேண்டும். மனு தொடங்கும் எண்ணம் இருந்தால் தேர்தலை ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிவதற்குள் பேசி முடிக்காத மனு காலாவதி, மறுபடி முதலில் இருந்து கையெழுத்து வாங்க வேண்டும்.