டிஸ்க் பழுதாகும் நாளில் எது கைகொடுக்கும்? இசட்எஃப்எஸ், எம்டி ரெய்டு, ஸ்னாப்ரெய்டு: ஓர் ஒப்பீடு

பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாமல் காக்கும் மூன்று முறைகளை இங்கே ஒப்பிடுகிறேன்: இசட்எஃப்எஸ் (ZFS) என்ற ஃபைல் சிஸ்டம், லினக்ஸிலேயே உள்ள எம்டி ரெய்டு (md RAID), ஓட்டும்போது மட்டும் பாதுகாப்பைப் புதுப்பிக்கும் ஸ்னாப்ரெய்டு (SnapRAID) என்ற மென்பொருள். வீட்டு சேமிப்பு சர்வருக்கு இவற்றில் எந்த முறை நல்லது என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் வேகத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி சுற்றுவட்டாரத்தைத் தாண்டப் போவதில்லை. அந்த வேகத்தை இன்றைய ஒற்றை ஹார்ட் டிஸ்க்கே கொடுத்துவிடும். மூன்று முறைகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் ஒரு டிஸ்க் பழுதாகும் அன்றைக்குத் தெரியும். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் இன்னொரு டிஸ்க்கும் போனால் மிஞ்சுவது என்ன என்பதை வைத்தே தேர்வு செய்ய வேண்டும்.

முதலில் இடக் கணக்கு. கையில் 4, 4, 8, 8 டிபி என நான்கு டிஸ்க் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு-இசட்1, எம்டியின் ரெய்டு 5 இரண்டுமே எல்லா டிஸ்க்கையும் சிறியதன் அளவுக்கு வெட்டிவிடும்; ஒரு டிஸ்க் பேரிட்டிக்கு, அதாவது இழந்த தரவைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் தகவலுக்குப் போக, 12 டிபி கிடைக்கும். இசட்எஃப்எஸ்ஸில் 4+4, 8+8 என்று இரண்டு மிரர் ஜோடியாக (ஒரே தரவின் இரண்டு நகல்) போட்டாலும் அதே 12 டிபிதான். ஸ்னாப்ரெய்டில் ஒரு 8 டிபி பேரிட்டிக்கு, மற்ற மூன்றும் தரவுக்கு. ஆக 16 டிபி. அதில் ஒரே நிபந்தனை, பேரிட்டி டிஸ்க் மற்ற எதையும்விடச் சிறியதாக இருக்கக் கூடாது. பழைய டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டுபவர்களுக்கு இந்த 4 டிபி பெரிய விஷயம்.

பராமரிப்புக்கு வருவோம். மூன்றிலும் மாதம் ஒருமுறையாவது சோதனை ஓட வேண்டும். ஆனால் அந்தச் சோதனை கண்டுபிடிப்பது ஒன்றல்ல.

இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம், அதாவது தரவு மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண், வைத்திருக்கிறது. ஸ்க்ரப் என்ற இந்தச் சோதனை ஓடும்போது படித்த தரவு செக்சமோடு ஒத்துப்போகவில்லை என்றால், எந்த டிஸ்க் பொய் சொல்கிறது என்று அதற்குத் தெரியும். மிரரிலிருந்தோ பேரிட்டியிலிருந்தோ சரியானதை எடுத்து அந்த இடத்திலேயே திருத்திவிடும். எம்டி ரெய்டுக்கு அந்த அறிவு கிடையாது. செக் ஓட்டினால் தரவும் பேரிட்டியும் ஒத்துப்போகாத இடங்களை எண்ணிச் சொல்லும், அவ்வளவுதான். ரிப்பேர் கொடுத்தால் தரவு சரி, பேரிட்டிதான் தப்பு என்று எடுத்துக்கொண்டு பேரிட்டியை மாற்றி எழுதும். கெட்டது தரவாக இருந்தால் அந்தக் கேடு அப்படியே நிலைத்துவிடும். எம்டிக்கு மேலே பிடிஆர்எஃப்எஸ் (செக்சம் வைக்கும் இன்னொரு ஃபைல் சிஸ்டம்) போட்டால் கேட்டைக் கண்டுபிடிக்கலாம். சாதாரண லினக்ஸில் ஃபைலின் தரவைத் தானாகத் திருத்த அதனால் முடியாது.

ஸ்னாப்ரெய்டும் செக்சம் வைக்கிறது, ஆனால் சிங்க் (பேரிட்டியைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓடிய நேரத்து நிலைக்கு மட்டும். சும்மா ஸ்க்ரப் கொடுத்தால் ஒரு தடவைக்கு 8 சதவீதம், அதுவும் 10 நாளுக்கு மேல் சரிபார்க்காத பிளாக்குகளை மட்டும் பார்க்கும். வாரம் ஒருமுறை ஓட்டினால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் முழுச் சுற்று முடியும்.

ஸ்னாப்ரெய்டின் பலவீனமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. நேற்றைய சிங்க்குக்குப் பிறகு முதல் டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைலை அழித்துவிட்டீர்கள், இன்று இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டது என்று வையுங்கள். அந்த அழிந்த ஃபைல் இருந்த பேரிட்டி வரிசையில் பங்கு வகித்த இரண்டாம் டிஸ்க்கின் பிளாக்குகளையும் மீட்க முடியாது, கணக்குப் போட ஒரு எண் குறைகிறது. அதனால் தினமும் மாறும் ஃபைல்கள், டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் ஆகியவற்றை ஸ்னாப்ரெய்டில் வைப்பது தவறு. எழுதிவிட்டால் தொடாத வீடியோ, போட்டோ காப்பகத்துக்கு மட்டும் அது பொருந்தும்.

இனி டிஸ்க் மாற்றும் வேலை. 8 டிபி டிஸ்க், அதில் 2 டிபி நிரம்பியிருக்கிறது. எம்டி முழு 8 டிபியையும் எழுதும். சராசரி நொடிக்கு 180 எம்பி என்றாலும் 12 மணி நேரத்துக்கு மேல். இசட்எஃப்எஸ் பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டும் எழுதுவதால் ரீசில்வர் (புதிய டிஸ்க்கில் தரவை நிரப்பும் வேலை) பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடியும். பழைய டிஸ்க் இன்னும் ஓரளவு படிக்கிறது என்றால் அதைக் கழற்றாதீர்கள். புதியதைக் காலி போர்ட்டில் மாட்டி, இரண்டும் இருக்கும்போதே இசட்பூல் ரீப்ளேஸ் கட்டளையைக் கொடுங்கள். எம்டியிலும் ரீப்ளேஸ், வித் என்று இதே வசதி உண்டு. பாதுகாப்பு ஒரு நொடிகூடக் குறையாமல் மாற்றம் நடக்கும்.

ஸ்னாப்ரெய்டில் வரிசை முக்கியம்:

1. முதலில் சிங்க் டைமரை நிறுத்துங்கள். பாதி கெட்ட நிலையில் சிங்க் ஓடினால் மீட்க வேண்டிய பேரிட்டியே அழிந்துவிடும். ஒரு டிஸ்க்கின் எல்லா ஃபைலும் காணாமல் போயிருந்தால் சிங்க் தானே நின்றுவிடும். ஒரு பகுதி மட்டும் காணோம் என்றால் நிற்காது.
2. புதிய டிஸ்க்கை ஃபார்மேட் செய்து மவுன்ட் செய்யுங்கள். கான்ஃபிக்கில் பழைய டிஸ்க்கின் பெயரை அப்படியே விட்டு, பாதையை மட்டும் மாற்றுங்கள்.
3. அந்தப் பெயருக்கு மட்டும் ஃபிக்ஸ் (மீட்கும் கட்டளை), லாக் ஃபைலோடு. லாக்கைப் படித்து, மீளாத ஃபைல்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.
4. செக் ஓட்டிப் பார்த்து, திருப்தியான பிறகே சிங்க்.

வேலை கூடுதல்தான். ஆனால் பேரிட்டியின் சக்திக்கு மேல் டிஸ்க் செத்தால் எம்டி ரெய்டு 5, ரெய்டு-இசட்1 இரண்டிலும் எல்லாம் போகும். ஸ்னாப்ரெய்டில் செத்த டிஸ்க்குகளின் ஃபைல் மட்டும் போகும். மீதி டிஸ்க்கை எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் படிக்கலாம்.

எதை வைத்திருந்தாலும் மாற்று டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் டிஸ்க்) தவிருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-ல் வெளியே வந்தது. அத்தகைய டிஸ்க்கில் ரீசில்வர் இழுத்துக்கொண்டே போய், நடுவில் டிஸ்க்கே கழன்றுகொள்ளவும் கூடும். ஸ்னாப்ரெய்டின் தரவு டிஸ்க்காக மட்டும் அது ஒப்பேறும்.

டிஸ்க் நல்லாயிருந்தும் பிழை வருவது உண்டு. இசட்பூல் ஸ்டேட்டஸ் கொடுத்தால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நேரே மூன்று எண் வரும்: படிப்பு, எழுத்து, செக்சம். செக்சம் பத்தியில் ஒரே டிஸ்க்குக்கு மட்டும் 37 என்று நிற்கிறது, ஸ்மார்ட்டில் (டிஸ்க் தானே வைக்கும் உடல்நிலைப் பதிவு) கெட்ட செக்டார்களைக் காட்டும் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம், இணைப்புப் பிழையைக் காட்டும் 199 மட்டும் ஏறுகிறது என்றால் சந்தேகம் கேபிள்மேல். அந்த டிஸ்க்கின் சாட்டா கேபிளையும் பக்கத்து டிஸ்க்கின் கேபிளையும் டிஸ்க் முனையில் மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகி, இசட்பூல் கிளியர் கொடுத்து, ஒரு ஸ்க்ரப் ஓட்டுங்கள். பிழை பக்கத்து டிஸ்க்குக்குத் தாவினால் கேபிள் அல்லது போர்ட். அதே டிஸ்க்கில் நின்றால் டிஸ்க். 199-இன் எண்ணிக்கை ஒருபோதும் குறையாது, ஆகவே பழைய எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மேற்கொண்டு ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று டிஸ்க்கில் ஒரே நேரத்தில் செக்சம் பிழை என்றால் ரேம், கண்ட்ரோலர் கார்டு, பவர் சப்ளை, இவற்றில் ஒன்று.

எம்டிக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரைப் படிக்க ஒரு நிமிடத்துக்கு மேல்கூட முட்டி மோதும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 30 நொடிதான் பொறுக்கும். பிறகு இணைப்பையே ரீசெட் செய்யும். அதற்கும் டிஸ்க் பதில் சொல்லாததால் ஒரு செக்டாருக்காக முழு டிஸ்க்கும் ரெய்டிலிருந்து வெளியே தள்ளப்படும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை வழியாக எஸ்சிடி-இஆர்சி (டிஸ்க் எவ்வளவு நேரம் முயன்றுவிட்டுக் கைவிட வேண்டும் என்பது) மதிப்பை 70,70 என்று வையுங்கள், அதாவது 7 நொடி. சில டிஸ்க்குகள் மின்சாரம் போனதும் இதை மறந்துவிடும் என்பதால் பூட் ஸ்கிரிப்டில் சேர்க்க வேண்டும். அந்த வசதி இல்லாத டிஸ்க்குக்குக் கர்னலின் காத்திருப்பை 180 நொடியாக உயர்த்துங்கள். தள்ளப்பட்ட இரண்டு டிஸ்க்கோடு ரெய்டு நின்றுபோனால் புதிய ரெய்டை உருவாக்கும் கிரியேட் கட்டளை பக்கமே போகாதீர்கள். டிஸ்க்குகளின் ஈவென்ட் எண்கள் (எது எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று காட்டுபவை) நெருக்கமாக இருந்தால் அசெம்பிள், ஃபோர்ஸ்தான் வழி.

இசட்எஃப்எஸ்ஸிலும் ஒரு படுகுழி உண்டு. ரெய்டு-இசட் பூலில் (சேர்த்துக் கட்டிய டிஸ்க் தொகுப்பு) அட்டாச் என்பதற்குப் பதில் ஆட் என்று அடித்து, வரும் எச்சரிக்கையை ஃபோர்ஸ் போட்டுத் தாண்டினால், பாதுகாப்பில்லாத தனி டிஸ்க் ஒன்று பூலின் நிரந்தரப் பகுதியாகிவிடும். திரும்ப எடுக்க வழியில்லை. பூலையே கலைத்துக் கட்ட வேண்டும். ரெய்டு-இசட்டில் ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்த்து விரிக்கும் வசதி ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3-இல், 2025 ஜனவரியில் வந்தது. ஏற்கெனவே எழுதிய தரவு, திரும்ப எழுதப்படும்வரை பழைய பேரிட்டி விகிதத்திலேயே இருக்கும்.

புதிதாகக் கட்டுவதென்றால் ஆவணம், குடும்பப் படங்கள், தினசரி மாறும் எதற்கும் இசட்எஃப்எஸ் மிரர். டிடியூப்பை (ஒரே தரவு இரண்டு முறை சேராமல் தவிர்க்கும் வசதி) தொடாதவரை 8 ஜிபி ரேம் போதும். திரும்பக் கிடைக்கக்கூடிய வீடியோக் குவியலுக்கு ஸ்னாப்ரெய்டு. எம்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கலைக்கத் தேவையில்லை, புதிதாகத் தேர்ந்தெடுக்கவும் காரணம் தெரியவில்லை. எதுவானாலும் அழித்ததை மீட்க இவற்றை நம்ப முடியாது, தீப்பிடித்ததை இவை மீட்டுத் தராது, தனி பேக்கப் வேறு இடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாக எச்சரிக்கை மெயில். எம்டியில் மானிட்டர், டெஸ்ட், ஒன்ஷாட் சேர்த்து ஓட்டினால் சோதனை மெயில் உடனே வர வேண்டும். வரவில்லை என்றால் இன்றே சரிசெய்யுங்கள். இசட்எஃப்எஸ்ஸில் இந்த வேலை இசட்இடி என்ற பின்னணிச் சேவையுடையது, அதன் கான்ஃபிக்கில் மெயில் முகவரி நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்னாப்ரெய்டுக்கு இப்படி ஒரு காவலாளி கிடையாது. ஸ்மார்ட் எண்களைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி (smartd) சேவையை நீங்களே அமைக்க வேண்டும், சிங்க் ஸ்கிரிப்டின் விளைவை மெயிலாக அனுப்ப வேண்டும், அழிந்த ஃபைல்கள் 50-ஐத் தாண்டினால் சிங்க் ஓடாமல் நிற்கும்படி கடைசி சிங்க்குக்குப் பிறகு மாறியதைப் பட்டியலிடும் டிஃப் கட்டளையின் வெளியீட்டை எண்ணும் இரண்டு வரியும் அதில் சேர்த்துவிட வேண்டும்.