‘லினக்ஸ் லேப் இருக்கு’ என்றால் கதவைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்

கவுன்சலிங்குக்கு முன்னால் அப்பாவும் நானும் அந்தப் பொறியியல் கல்லூரிக்குப் போனோம். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகவே கிடைக்கும் இயங்குதளம், பாஸ் அதன் இந்திய வடிவம். நான் பைத்தான் நிரல்மொழி பழகியதே அதில்தான். அதனால் அட்மிஷனில் இருந்த சாரிடம், “இங்கே லினக்ஸ் பயன்படுத்தலாமா சார்?” என்று கேட்டேன். “தனி லேபே இருக்கு தம்பி” என்று கூட்டிப்போய்க் காட்டினார். கதவில் ‘ஓப்பன் சோர்ஸ் லேப்’ என்று பலகை. பூட்டியிருந்தது. இன்று லீவு என்றார். நம்பிப் பணம் கட்டினோம்.

சேர்ந்த பிறகு உள்ளே போனால், எல்லாத் திரையிலும் டர்போ சியின் நீலம். சி மொழியில் நிரல் எழுதி ஓட்ட, விண்டோஸ் பரவும் முன்பிருந்த டாஸ் காலத்தில் வந்த பழைய மென்பொருள் அது. வீட்டில் லினக்ஸின் சி கம்பைலரான ஜிசிசியில் ஓட்டிப் பார்த்த நிரலை ரெக்கார்டில் எழுதிப் போனேன். ‘இன்ட் மெயின்’ என்பதைச் சிவப்பு மையில் சுழித்து ‘வாய்ட் மெயின்’ என்று திருத்தி, ‘கோனியோ.எச் எங்கே?’ என்று எழுதித் தந்தார்கள். சி மொழியின் தரநிலை சொல்வது ‘இன்ட் மெயின்’தான். கோனியோ.எச் என்பது டர்போ சியோடு வரும் கோப்பு; லினக்ஸில் கிடையாது, சேர்த்தால் கம்பைலே ஆகாது. சரியாக எழுதியதற்கு இன்டர்னல் மார்க் போனது இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஆன்லைன் தேர்வு. அந்த மென்பொருள் புதிய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அப்பா வட்டிக்கு வாங்கி 38,000 ரூபாய்க்கு வேறு லேப்டாப் எடுத்துக் கொடுத்தார். கல்லூரி மாறலாம் என்று கேட்டால், மீதி வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் அசல் சான்றிதழ் என்றார்கள். அசலைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018இலேயே சொல்லிவிட்டது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

இந்த வருடம் சேரப்போகிறவர்கள் சீனியர் ஒருவரின் சி லேப் ரெக்கார்டை வாங்கிப் புரட்டுங்கள். கோனியோ.எச், ‘வாய்ட் மெயின்’ இருந்தால் அங்கே ஓடுவது டர்போ சிதான் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். தேர்வு மென்பொருள் லினக்ஸில் ஓடுமா, காசு கொடுத்து வாங்க வேண்டிய கணக்கீட்டு மென்பொருளான மேட்லேபுக்குப் பதில் இலவசமான சைலேபில் செய்து காட்டினால் ஏற்பார்களா என்று துறைத்தலைவரிடமே கேளுங்கள். ஐஐடி பம்பாயில் தொடங்கிய, இலவச மென்பொருள்களை வீடியோவில் கற்றுத்தரும் ஸ்போக்கன் டுடோரியல் பயிற்சி அங்கே நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். லேப் பூட்டியிருந்தால் இன்னொரு நாள் போங்கள், அதுவரை முன்பணம் கட்டாதீர்கள்.