9-செப் ஆகிப்போன மரபணு

போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து ஜூனியர் பிள்ளை ஒருத்தி போன் பண்ணினாள். "அக்கா, பெருங்குடல் புற்றுநோய் லிஸ்ட்ல செப்ட்9 இருக்கணும், காணல. எங்க தப்பு பண்ணினேன்?" ஃபைலைத் திறந்தால் மற்ற பெயர்களெல்லாம் இடது ஓரம் ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் வலது ஓரத்தில் ‘9-செப்’ என்று நிற்கிறது. மரபணுப் பெயரை ஸ்ப்ரெட்ஷீட் தேதியாக்கிவிட்டது. "நீ தப்பே பண்ணல மக்களே" என்றேன்.

ஆறு வருஷமாக மரபணுத் தரவுகளைத் திரட்டி வைத்திருக்கும் இணையத் தளங்களோடுதான் என் வேலை. நாகர்கோவிலில் உட்கார்ந்து, லேப் இல்லாமல், பத்து பைசா கட்டாமல், 33 வகைப் புற்றுநோய்களில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணு விவரங்களைத் திரட்டிய டிசிஜிஏ என்ற அமெரிக்கத் திட்டத்தின் தரவை அலச முடிகிறது. முதுமையோடு தொடர்புள்ள மரபணுக்களின் பட்டியலான ஜென்ஏஜ் எனக்கு இன்னும் நெருக்கம். மனித மரபணுக்கள் சுமார் 300தான், ஆனால் ஒவ்வொன்றும் ஏன் பட்டியலில் இருக்கிறது, சான்று மனிதரிலா எலியிலா புழுவிலா என்று ஆள் உட்கார்ந்து படித்து எழுதியிருக்கிறார்கள். கட்டி வளராமல் தடுக்கும் பி53 மரபணு அளவுக்கு மீறி வேலை செய்த எலிகளுக்குக் கட்டி குறைந்ததாம், ஆனால் சீக்கிரமே கிழடு தட்டிவிட்டதாம். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் இந்தப் பெயர்க் குழப்பம்! மரபணுப் பட்டியலை எக்செல் ஃபைலாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தத் தேதிப் பிழை இருப்பதாக 2016-லேயே கண்டுபிடித்தார்கள். 2020-ல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு செப்ட்9-ஐ செப்டின்9 என்று மாற்றியது, நல்ல காரியம்தான். பழைய ஃபைல்கள் மாறவில்லையே. ஒன்றில் பழைய பெயர், இன்னொன்றில் புதுப் பெயர், இரண்டையும் சேர்த்தால் அந்த வரி மட்டும் சத்தமில்லாமல் விழுந்துவிடும், எரர் கூட வராது. எனக்கு ஒரு மாத உழைப்பு அப்படித்தான் போனது. மார்ச்1, மார்க்1 என்ற வேறு வேறு மரபணுக்கள் இரண்டுமே ‘1-மார்’ ஆகிவிட்டால், எது எது என்று பிரிக்கவே முடியாது.

எந்தத் தளம் நல்லது என்று அவள் கேட்டாள். இன்றைய மனநிலையில் எதையும் சொல்ல மனசு வரவில்லை. சரி, பெயரை விட்டுவிட்டு, மரபணுவுக்குத் தரவுத்தளம் கொடுத்த அடையாள எண்ணைப் பிடித்துக்கொள் என்றேன். அந்த பி53-க்கு (பட்டியலில் டிபி53) என்சிபிஐ என்ற அமெரிக்கத் தரவு மையம் கொடுத்த எண் 7157, அதை எந்த ஷீட்டும் தேதியாக்காது. அப்புறம் ஃபைலை நேரடியாகத் திறக்காமல் இம்போர்ட் பண்ணு, அப்போதே பெயர்கள் இருக்கும் நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்று.

அவள் ஃபைலில் ‘மார்’ வரிகள் நாலு கிடக்கின்றன. மூல ஃபைலை மறுபடி இறக்கச் சொல்லியிருக்கிறேன்.